கீழ்ப்படியாத மருமவ

இப்படி உக்காருங்க தங்கச்சி, எடம் இருக்கு. பையை மடியில வச்சுக்கிடுங்க, கீழ வச்சா ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் மிதிப்பான். பாளையங்கோட்டையா? நானும் அங்கதான். கழுத்துல சிலுவை தெரிஞ்சுது. கோயிலுக்குப் போறவியதானே? நல்லதாப் போச்சு. மத்தவியகிட்ட இதைச் சொன்னா புரியாது. எங்க சபை ஆளுககிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். நீங்க வேற ஊரு. எறங்கினதும் மறந்துருவிய.

என் பேரு ஞானப்பூ. ஏரலுக்குக் கிழக்க உள்ள ஊரு. எங்க சபையில பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ரொம்ப வருசமா நான்தான் தலைவி. தலைவியா இருந்தேன். அது இப்ப வேற ஆளு. அது கிடக்கட்டும்.

நான் ஆண்டவருக்குக் கீழ்ப்படிஞ்சு நடந்தவ. சும்மா வாய்க்குச் சொல்லல. ஞாயித்துக்கெழமை கடையில ஒரு தீப்பெட்டி வாங்கினது கிடையாது. மசாலாகூட சனிக்கிழமையே அரைச்சு வச்சிருவேன். லெந்து நாளையில, அந்தத் தவக்காலம் முழுக்க, மத்தியானம் வரைக்கும் பச்சத்தண்ணிதான். கொட்டகையில போய் ஒரு படம் பாத்ததில்ல. எங்க வீட்டுக்காரவிய செத்துப்போன அன்னைக்குக்கூட, சாயங்காலம் குடும்ப ஜெபம் பண்ணிட்டுத்தான் அழுதேன்.

ஏன்னு கேளுங்க. பயம். வேற என்ன? ஆண்டவர் மேலேருந்து பாத்துக்கிட்டே இருக்காரு. ஒழுங்கா நடந்தா தருவாரு, மீறினா அடிப்பாரு. இதுக்கு மேல இதுல படிக்க என்ன இருக்கு? இந்த வயசுல எனக்குச் சீனி கிடையாது, பிரசர் கிடையாது. காரை வீடு. மவன் சொந்தமா குட்டியானை வண்டி வச்சு வாழைத்தார் லோடு அடிச்சான். எங்க பக்கத்து வீட்டுக்காரி ஞாயித்துக்கெழமை ஆராதனை நேரத்துல மோட்டார் போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுவா. அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாச்சு. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே சேத்துப் பாத்துக்கிடுங்க.

மவனையும் அப்படித்தான் வளத்தேன். கிங்ஸ்லி. ஒத்தப் பிள்ள. சின்னதுல யாரு தோட்டத்துலயோ ஒரு கொய்யாக்கா பறிச்சிட்டான்னு ராத்திரிச் சாப்பாடு இல்லாம முட்டி போட வச்சேன். "நீ கண்ணை மூடினாலும் அவரு உன்னைப் பாக்குதாருலே"ன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். அந்தக் கொய்யாக்காவை முதல்ல பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டு இல்ல இல்லன்னு சாதிச்சான் பாத்துக்கிடுங்க. அதுக்குப் பொறவு ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது அவன்கிட்ட. எங்கிட்ட எதுத்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. எங்கிட்ட எதையும் பேசினதே கிடையாதுன்னு வையுங்க. அப்படி ஒரு அடக்கம்.

வந்த மருமவ அப்படி இல்ல.

எப்சிபா. எப்சின்னு கூப்பிடுவோம். தாய் இல்ல. தகப்பன் இருந்தும் இல்லாத கணக்கு. மிசன் விடுதியில வளந்தவ. அவ ஜெபம் பண்ணுறதைப் பாத்தா உங்களுக்கே சிரிப்பு வரும். பாத்திரம் கழுவிக்கிட்டே பேசுவா. "ஆண்டவரே, இந்தச் சட்டி இப்படிப் புடிச்சுப்போச்சே"ன்னு, ஏதோ பக்கத்துல நிக்கிற அக்காகிட்ட சொல்லுற மாதிரி. ஏட்டி, மரியாதை இல்லையான்னு கேட்டா சிரிப்பா. சங்கக் கூட்டம் நடக்குற நேரத்துல, கீழத்தெருவுல காலு வெளங்காமக் கிடந்த ஒரு கெழவிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு நனைஞ்ச சேலையோட வருவா. கூட்டத்துக்கு வரணும்கிறது ஒழுங்கு. கெழவியைக் குளிப்பாட்டச் சொல்லி யாரு சொன்னா? யாரும் சொல்லாததை எல்லாம் செய்வா. சொல்லுறதைக் கேக்க மாட்டா.

இது நடந்தது அசனத்துக்கு முந்தின வாரம். எங்க சபையில அசனம்னா ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுற பண்டிகை. அரிசி, தேங்கா, கறி எல்லாம் எங்க வீட்லதான் வந்து எறங்கும். நான் பாத்துப் பாத்துச் செய்வேன். அந்தச் சனிக்கிழமை இவ பல்வலின்னு கிங்ஸ்லி கூட வண்டியில ஏரலுக்குப் போயிருந்தா. பொழுது அடையுற நேரம் வண்டிச் சத்தம் கேட்டுச்சு. எப்பவும் வாசல்ல நிப்பாட்டுறவன் நேரா பின்பக்கம் வாழைத்தார் கொட்டகைக்குள்ள கொண்டு விட்டான். நான் எட்டிப் பாத்தா தார்ப்பாயை எடுத்து வண்டி மேல போத்துதான். வானத்துல ஒரு பொட்டு மழை கிடையாது.

"ஏலே, என்னலே?"

"ஒண்ணுமில்லம்மா. ஆடு ஒண்ணு குறுக்க வந்துட்டு."

அவ வண்டிய விட்டு எறங்கவே இல்ல. உள்ளயே உக்காந்திருந்தா. நான் போய்க் கதவைத் திறந்தேன். மொகத்துல ரத்தமே இல்ல.

"ஆடு இல்ல அத்தை. ஆளு."

குளத்தங்கரை ரோட்டுல, சைக்கிள்ல புல்லுக்கட்டு வச்சிட்டு வந்த ஒரு மனுசனை கிங்ஸ்லி இடிச்சிட்டான். இடிச்சவன் நிக்கல. இவ கத்தியிருக்கா, நிப்பாட்டுங்க நிப்பாட்டுங்கன்னு. ஆம்புலன்சுக்குப் போன் போடப் போயிருக்கா. போனைப் புடுங்கி முன்னால போட்டுட்டு வேகமா ஓட்டிட்டு வந்துட்டான்.

"பின்னால ஒரு வண்டி வெளிச்சம் தெரிஞ்சுது அத்தை. அவிய பாத்திருப்பாவ. இப்பவே திரும்பிப் போவோம்."

"யாரும் போகக் கூடாது"ன்னேன். நான்தான் சொன்னேன். ஒரு வீட்டுல யாராவது ஒருத்தருக்குப் புத்தி நிதானமா இருக்கணும்லா? கொட்டகைக் கதவைப் பூட்டினேன். எல்லாரையும் கை கால் கழுவச் சொன்னேன். குடும்ப ஜெபத்துக்கு உக்கார வச்சேன். ஆண்டவர் நம்மளை எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாத்துவாருன்னு வேதத்துல உள்ள பகுதியா எடுத்து வாசிச்சேன். கிங்ஸ்லி குனிஞ்ச தலை நிமிரல. ஜெபம் முடிஞ்சதும் நான் ஆமென்னு சொன்னேன், அவன் சொன்னான். அவ சொல்லல.

மறுநாள் விடியக்காலமே சேதி வந்துட்டு. அடிபட்டவன் பேரு இசக்கிமுத்து. பக்கத்து ஊரு. கூலிக்கு வயல் வேலை பாக்குறவன். பின்னால வந்த வெளிச்சம் தண்ணி லாரி. அந்த டிரைவர், சுடலைமணின்னு ஒரு பையன், அவன்தான் எறங்கி, ரத்தத்தோட தூக்கிப் போட்டுட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கான். இசக்கிமுத்து சொந்தக்காரங்க அங்க வந்து அவனையே புடிச்சு அடிச்சிட்டாவ. இடிக்காதவன் எதுக்குத் தூக்கிட்டு வாரான்னு கேட்டாவளாம். போலீஸ் அவனைத்தான் கொண்டு போய் வச்சிருக்கு.

எனக்கு மூச்சு வந்துச்சு தங்கச்சி. ஆண்டவர் ஒரு வழியைத் திறந்துட்டாருன்னு நினைச்சேன். இத்தனை வருசம் கீழ்ப்படிஞ்சதுக்கு ஒரு பலன் வேண்டாமா?

அன்னைக்கு ஞாயிறு. திருவிருந்து ஆராதனை. நாங்க எப்பவும் முன்வரிசை. ஒவ்வொரு வரிசையா எழும்பிப் போய் பீடத்துக்கு முன்னால முட்டி போடணும். எங்க வரிசை வந்துச்சு. நான் எழும்பினேன். கிங்ஸ்லி எழும்பல. முழங்கையால ஒரு இடி இடிச்சேன், எழும்பினான். அவ எழும்பல. உக்காந்தே இருந்தா. வரிசையில அந்தப் பக்கம் இருக்கிறவிய எல்லாம் அவளைத் தாண்டிப் போறாவ. முழங்காலை ஒதுக்கி ஒதுக்கி வழி விடுதா, எழும்ப மாட்டேங்கா. எங்க வீட்டுல இருந்து ஒரு ஆளு திருவிருந்து எடுக்காம உக்காந்திருக்கு, அதுவும் முன்வரிசையில! அப்பம் என் வாயில கரையவே இல்ல. அவமேல வந்த கோவத்துல.

வெளிய வந்ததும் ஐயரம்மா, எங்க சபைப் போதகர் சம்சாரம், கேட்டுட்டாவ. "எப்சிக்கு என்ன? உடம்பு சரியில்லையா?" வயித்துவலின்னேன். அது பொய் இல்ல. அவளுக்கு அப்பப்ப வயித்துவலி வரும்.

திங்கக்கெழமை காலையில ஆளைக் காணல. சொல்லாம கொள்ளாமப் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டா. பொழுது சாயத்தான் வந்தா. கிங்ஸ்லி அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டு, "என்ன சொல்லுதாவ?"ன்னு கேக்கான்.

"நெனவு இன்னும் வரல. காலை எடுக்கணுமாம். அவரு பொஞ்சாதி பேச்சி ஒத்தையில வராண்டாவுல கிடக்கா. பக்கத்துல உக்காந்திருந்தேன். டீ வாங்கிக் குடுத்தேன்."

"யாருன்னு சொன்னியா?"

"இல்ல. அவ கேக்கல. என் மடியில தலையை வச்சுத் தூங்கிட்டா."

கொஞ்ச நேரம் கழிச்சு அவளே சொன்னா. அந்தத் தண்ணி லாரிக்காரன் பொஞ்சாதி வயித்துப் பிள்ளையோட வந்தாளாம். என் புருசன் இடிக்கலன்னு சொல்லி அழுதாளாம். இசக்கிமுத்து ஆளுக அவளை வையாத வசவெல்லாம் வஞ்சு விரட்டிட்டாவளாம். "நான் அங்கனயே உக்காந்திருந்தேன், வாயத் திறக்கல"ன்னு சொன்னா. சொல்லிட்டு அரிசி களையப் போனா. களைஞ்ச அரிசியவே திரும்பத் திரும்பக் களைஞ்சிட்டு நின்னா.

கிங்ஸ்லி வெளிய போனதும் நான் பிடிச்சுக்கிட்டேன்.

"ஏட்டி, புருசன் சொன்னதுக்குக் கீழ்ப்படியணும்னு வேதத்துல இருக்கா இல்லையா?"

"இருக்கு அத்தை."

"பொறவு? அவன் சும்மா இருன்னா இருக்க வேண்டியதுதானே?"

"சும்மா இருந்தா அந்தப் பையன் உள்ள கிடப்பான் அத்தை. தூக்கிட்டுப் போனவன்."

"உனக்கு நரகத்துக்குப் பயமா? இந்தப் பாவம் என் தலையில இருக்கட்டும். நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கிடுதேன். உன்னைச் சேராது."

"பயம்லாம் இல்ல அத்தை."

பயம் இல்லையாம்! கேட்டியளா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "பொறவு என்னத்துக்குட்டி இந்த ஆட்டம்? மோட்சத்துல கிரீடம் தாரேன்னு யாரும் சொன்னாவளா?"

அவ அரிசியக் கீழ வச்சா. கையத் துடைச்சா. "சின்னதுல எனக்கு அம்மை போட்டு விடுதியில தனி ரூம்ல கிடந்தேன் அத்தை. சோத்தை வாசல்ல வச்சிட்டு ஓடிருவாவ. எல்லாருக்கும் பயம். ஒரு நாள் யாராவது வரமாட்டாவளான்னு அழுதுகிட்டே கிடந்தேன். அப்ப பக்கத்துல ஆள் வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா இருந்துச்சு. அன்னையிலேருந்து அவரு எழும்பிப் போகல அத்தை. இப்ப நான் வாய மூடிட்டு இருந்தாலும் அவரு அடிக்க மாட்டாரு. அப்பவும் எங்கூடதான் இருப்பாரு. அவரு மனசு நோகும். நோகுறதை வெளிய சொல்லவும் மாட்டாரு. அதை என்னால தாங்க முடியாது. அந்த இசக்கிமுத்து கட்டில் பக்கத்துலயும் அவருதான் உக்காந்திருக்காரு."

இது என்ன பேச்சு சொல்லுங்க. ஆண்டவருக்கு மனசு நோகுமாம். அவரு என்ன இவ கூடப் படிச்ச பிள்ளையா? அம்மை போட்ட நேரத்துக் காய்ச்சல்ல ஏதோ தோணியிருக்கு. அதை வச்சுக்கிட்டு என் மவனை ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கா. நான் அன்னைக்கே முட்டி போட்டு, இந்தக் காரியம் நல்லபடியா கடந்து போனா அசனத்துக்கு ரெண்டு கிடா தாரேன்னு பொருத்தனை பண்ணினேன்.

மறுநாளும் போனா. அதுக்கு மறுநாளும் போனா. கிங்ஸ்லி வண்டிய எடுக்கல. சோறு எறங்கல. ராவும் பகலும் கொட்டகைப் பக்கமே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். நாய் குரைச்சா எழும்பி நிப்பான். நானும் அவன் மொகத்தைப் பாத்துப் பாத்து, யாரு வாசல் கதவைத் தட்டினாலும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் திறப்பேன்.

வியாழக்கெழமை காலையில அவ தலை சீவி, வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு வந்து நின்னா. "அத்தை, நான் இன்னைக்கு ஸ்டேசனுக்குப் போறேன். அவிய வாழைத் தோட்டத்துல இருக்காவ. வந்ததும் கேட்டுட்டுப் போறேன். கூட வந்தாவன்னா ரெண்டு பேரும் போவோம். வரலன்னா நான் போய் உள்ளதைச் சொல்லுதேன்."

"உள்ரூம்ல அசனத்துக்கு வேண்டிய கரண்டி இருக்கு, அதை எடுத்துக் குடுத்துட்டுப் போ"ன்னேன். உள்ள போனா. கதவை இழுத்துச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டுட்டேன்.

வேற என்ன செய்யச் சொல்லுதிய? பெத்த வயிறு.

தட்டுவான்னு நினைச்சேன். கத்துவான்னு நினைச்சேன். ஒரு சத்தமும் இல்ல. கதவுக்கு முன்னால நாற்காலியைப் போட்டு வேதத்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். எழுத்து எல்லாம் ஓடுது. அந்த நேரம் பாத்து வாசல்ல பேச்சுச் சத்தம். சங்கத்துப் பெண்டுக எல்லாரும் வந்துட்டாவ. அசனத்துக்கு அரிசி புடைக்க நான்தான் வரச் சொல்லியிருந்தேன். மறந்தே போச்சு.

வந்தவிய முன்னறையில பாய விரிச்சுச் சுளகை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாவ. ஐயரம்மாவும் வந்துட்டாவ. நான் நாற்காலியை விட்டு எழும்பல. கதவுக்கு முதுகைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். முதுகுல வேர்வை ஊத்துது. உள்ள ஒரு வார்த்தை கத்தினான்னா எல்லாம் போச்சு. அத்தனை பேரு. ஒரே ஒரு வார்த்தை.

"எங்கம்மா எப்சி?"ன்னு கேட்டாவ ஐயரம்மா.

"உபவாச ஜெபத்துல இருக்கா."

"பாத்தியளா! இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமவ யாருக்குக் கிடைக்கும்?" அவியளுக்குக் கண்ணே கலங்கிட்டு. எழும்பி வந்துட்டாவ. நான் மறிக்கவா முடியும்? நல்லவேளை, தாழ்ப்பாளை என் தலை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. கதவுல கை வச்சு, "எப்சி, எங்களுக்காகவும் ஒரு வார்த்தை ஜெபிச்சுக்கோம்மா"ன்னாவ.

உள்ள சத்தமே இல்ல. பொறவு அவ குரல் வந்துச்சு, மெதுவா.

"சரி ஐயரம்மா."

அம்புட்டுதான். அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. அரிசி புடைச்சு முடிச்சு, காப்பி குடிச்சு, பாட்டு பாடி, அவிய போகுறதுக்கு மத்தியானம் ஆயிட்டு. அதுவரைக்கும் அவ வாயத் திறக்கல.

அவிய தெருமுக்கு திரும்பல, கிங்ஸ்லி பின்வாசல் வழியா வந்துட்டான். தாழ்ப்பாளைப் பாத்தான். என்னைப் பாத்தான். என்னை நாற்காலியோட நகட்டிட்டுக் கதவைத் திறந்தான். அவ தரையில உக்காந்திருந்தா. கரண்டி எல்லாத்தையும் துடைச்சு அடுக்கி வச்சிருந்தா.

"எவ்வளவு நேரமா?"ன்னு கேட்டான். "ஊரே வெளிய இருந்துச்சே. நீ ஏன் கத்தல? ஒரு சத்தம் போட்டிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே?"

"கத்தினா நீங்க மாட்டியிருப்பிய. உங்களை மாட்டிவிடவா நான் பாக்கேன்? நீங்களா வரணும்."

அவன் அவ பக்கத்துல தரையில உக்காந்தான். உக்காந்து அழுதான் தங்கச்சி. சின்னப் பிள்ளையில இருந்து இவன் சத்தம் போட்டு அழுது நான் பாத்ததில்ல. ஒரு மாட்டுக் குரல் மாதிரி வந்துச்சு. அவ அவன் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தா. நான் வாசல்ல நிக்கேன். என்னை யாரும் பாக்கல.

பொறவு எழும்பினான். மொகத்தைக் கழுவினான். "எம்மா, நல்ல சட்டை ஒண்ணு எடுத்துக் குடு."

நான் வாசப்படியில குறுக்க நின்னேன். "போகாதலே. பெத்த தாய் சொல்லுதேன். தாய் சொல்லக் கேக்கணும்கிறது கட்டளை, தெரியும்லா? மீறினா ஆயுசு கொறைஞ்சு போகும்லே."

அவன் எங்கிட்ட அவ்வளவு பேசினது அன்னைக்குத்தான். "எம்மா, நான் இன்னைக்கு வரைக்கும் எல்லாத்தையும் பயந்து பயந்துதான் செஞ்சேன். உனக்குப் பயந்தேன். அதையே ஆண்டவருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ஆளு விழுந்ததைக் கண்ணாடியில பாத்தேம்மா. பிரேக்குல வச்ச காலை எடுத்து நான்தான் வேகமா மிதிச்சேன். அப்ப எனக்கு அந்த மனுசனைத் தோணல. ஆண்டவரையும் தோணல. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன செய்யன்னுதான் தோணுச்சு. பயத்துக்கு ஓட மட்டும்தாம்மா தெரியும்."

இப்படிச் சொல்லுதான். வண்டி ஓட்டுனது அவன். மிதிச்சது அவன். வீட்டுல அடுப்படியில இருந்த நான் என்ன செஞ்சேன்? நீங்களே சொல்லுங்க.

ரெண்டு பேரும் நடந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போனாவ. அவ அவன் கையைப் பிடிச்சிருந்தா. தெருவே பாத்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே அந்தச் சுடலைமணியை விட்டுட்டாவ. இவனை உள்ள வச்சாவ. பொறவு ஜாமீன்ல வந்தான். இசக்கிமுத்துக்கு நெனவு வந்துட்டு, ஆனா முழங்காலுக்குக் கீழ ஒரு காலு போச்சு. வக்கீல் தலையால அடிச்சுக்கிட்டு, "நான் இடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு, கேஸ் நிக்காது"ன்னாரு. கோர்ட்டுல இவன் நேரா நின்னு, "இடிச்சது நான், நிக்காம போனதும் நான்"னு சொல்லிட்டான். தண்டனை குடுத்துட்டாவ. இந்தா, பாளையங்கோட்டை ஜெயில்லதான் இருக்கான்.

அவளைப் பத்திச் சொல்லி முடிக்கல பாருங்க. ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டு மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கா. நான் பின்னாலேயே போனேன், இழுத்துட்டு வரலாம்னு. அந்தப் பேச்சிக்கு அதுக்குள்ள தெரிஞ்சு போச்சு, இத்தனை நாளு மடி குடுத்தவ யாருன்னு. என் கண்ணு முன்னால, அத்தனை கூட்டத்துல, எப்சி முடியைப் பிடிச்சு ஆட்டி ரெண்டு கன்னத்துலயும் அறைஞ்சா. "என் பக்கத்துல உக்காந்து என் கண்ணீரைப் பாத்துக்கிட்டாட்டி இருந்த?" அப்படிக் கேட்டா. நான் சத்தம் போடப் போனேன். எப்சி என்னைத் தடுத்துட்டா. "அவ கேக்குறது நியாயம் அத்தை"ன்னா. உதட்டுல ரத்தம்.

மறுநாள் திரும்பவும் போறா! பேச்சி மொகத்தைத் திருப்பிக்கிட்டா. அதுக்கு மறுநாளும் போறா. இப்படியே போயிப் போயி, ஒரு நாள் பேச்சி ஒண்ணும் பேசாம அழுக்குத் துணி வாளியை இவ பக்கம் தள்ளி விட்டாளாம். அதை எங்கிட்ட வந்து சொல்லுதா, என்னமோ பெரிய பரிசு வாங்கின மாதிரி. மொகமெல்லாம் சிரிப்பு. அழுக்குத் துணி தங்கச்சி! இன்னைக்குக்கூட அந்த மனுசனுக்குக் கட்டைக்கால் வைக்கக் கூட்டிட்டுப் போயிருக்கா.

அசனம் என் வீட்டுல நடக்கல. சங்கத்துல என்னை யாரும் போகச் சொல்லல, நானே விட்டுட்டேன். அவிய வேண்டாம்னும் சொல்லல. ஐயரம்மா மட்டும் ஒரு நாள் வந்து, "அந்த வியாழக்கெழமை அவ உள்ள..."ன்னு தொடங்கினாவ. நான் காப்பி போட எழும்பிட்டேன்.

ஆண்டவர்கிட்ட நான் கேட்டுட்டேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் செஞ்சேனே, எனக்கு என்ன செஞ்சீருன்னு கேட்டேன். பதில் இல்ல. அந்த ஆத்திரத்துல, தீர்ப்பு வந்த அன்னைக்கு, கோயில் பீடத்துக்கு முன்னால நின்னு ஒரு பொருத்தனை பண்ணிட்டேன். எங்க குடும்பத்துல ஜெயில் வாசலை மிதிச்சவ கிடையாது, நானும் சாகுற வரைக்கும் மிதிக்க மாட்டேன்னு. அவ வாரா வாரம் போய் அவனைப் பாத்துட்டு வருவா. வந்து, "அம்மா சாப்பிடுதாவளான்னு கேட்டாவ"ம்பா. நான் விளக்கை அணைச்சிட்டுப் படுத்துருவேன்.

பொருத்தனையை மீறினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாமலா? சங்கத்துல நானே எத்தனை தடவை அதைப் பத்திப் பேசியிருக்கேன். கேட்டுக்கிட்டு இருந்தவியளுக்கு ஈரக்கொலை நடுங்கும். நேத்து வரைக்கும் எனக்கும் நடுக்கம்தான்.

இன்னைக்குக் காலையில கத்திரிக்காப் புளிக்குழம்பு வச்சேன். அவனுக்கு அது உசுரு. கொதி வரும்போது நானே ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்தேன். உப்பு சரியா இருந்துச்சு. அப்படியே அடுப்பை அணைச்சேன், தூக்குவாளியில ஊத்தினேன், சேலையை மாத்தினேன், பஸ்சுல ஏறிட்டேன். யாரும் போகச் சொல்லல. எப்சிக்குத் தெரியாது. எதுக்குப் போறன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆண்டவர் அடிச்சா அடிக்கட்டும்னு இருக்கு. குழம்பை உள்ள விடுவாவளோ என்னமோ, அதுகூடத் தெரியல. தூக்குவாளி சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க.

இதுதான் ஸ்டாப்பா? ஆமா, எல்லாரும் எழும்புதாவ. தங்கச்சி, உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? எந்தப் பக்கம் போகணும், யாருகிட்ட என்ன கேக்கணும், எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த வாசல் வரைக்கும் எங்கூட வாரியளா? உள்ள நான் போயிருவேன்.